கட்டம் போட்டு வரைவதா, கண்ணால் அளந்து வரைவதா?

பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பென்சிலால் ஒரு படமும் போட்டதில்லை, இப்போது வரையக் கற்றுக்கொள்ள ஆசை என்பவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. வீடியோ பார்த்து அப்படியே போடுவது ஒன்று. புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டுப் பார்த்து வரைவது இன்னொன்று. பொருளின் முன்னால் உட்கார்ந்து கண்ணால் அளந்து வரைவது மூன்றாவது. என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்வதற்குக் கூடுதலாக ஒரு காரணமும் இருக்கிறது.

வீடியோவில் கிடைப்பது கையசைவு. பென்சிலை நுனியில் பிடிக்காமல் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பது, மணிக்கட்டை மட்டும் ஆட்டாமல் தோளிலிருந்து நீளக் கோடு இழுப்பது, நிழல் போடப் பென்சிலைச் சாய்ப்பது எல்லாம் படித்தால் புரியாது, பார்த்தால் சட்டென்று புரியும். அதோடு சரி. ‘வட்டம் போடுங்கள், அதன் கீழே இரண்டு கோடு போடுங்கள்’ என்று சொல்லச் சொல்லப் போட்டால் அந்தக் கிளி நன்றாகவே வரும். வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும் கிளியைப் போடச் சொன்னால் கை நின்றுவிடும். எந்தக் கோடு எங்கே போக வேண்டும் என்று முடிவெடுத்தவர் வீடியோவில் இருப்பவர், நாம் இல்லை.

கட்டம் போடுவதை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சின்ன ஸ்டில்லில் கட்டம் போட்டுத்தான் நம் சினிமா பேனர் ஓவியர்கள் மாடி உயர முகங்களைக் கொண்டுவந்தார்கள். 1880-இல், 27 வயதில், ஓவியராவது என்று முடிவெடுத்த டச்சுக்காரர் வான் கோ, 1882-இல் நூல் கட்டிய மரச்சட்டம் ஒன்றை நெதர்லாந்தின் ஷெவனிங்கன் கடற்கரைக்கே தூக்கிப் போய் அதன் வழியாகப் பார்த்து வரைந்தார். புள்ளிக் கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த முறை ஒரே நாளில் பிடிபடும். அங்கே புள்ளி சொல்லும் தூரத்தை இங்கே கட்டம் சொல்கிறது. புகைப்படத்தில் எத்தனை கட்டமோ அத்தனையை ஏ4 தாளிலும் 2 செ.மீ. அளவில் மிக லேசாகப் போட்டுக்கொண்டு, புகைப்படத்தில் கோடு கட்டத்தின் விளிம்பை எங்கே வெட்டுகிறது என்று மட்டும் பார்த்தால் போதும். ‘கண் என்றால் மீன் மாதிரி இருக்கும்’ என்று மனசு தானாகப் போடும் படத்துக்கு அங்கே இடம் கிடைக்காது. முதல் வாரத்திலேயே அடையாளம் தெரிகிற மாதிரி ஒரு முகம் வந்துவிடும். அந்தத் தெம்பு பெரிய விஷயம்.

ஆனால் அதிலேயே தங்கிவிட்டால் கட்டம் இல்லாமல் ஒரு கோடும் வராது. புகைப்படத்தில் இருக்கும் கோளாறும் கூடவே வந்துவிடும். முகத்துக்கு மிகக் கிட்டே கைப்பேசியைப் பிடித்து எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் இருக்கும். கட்டம் அதைத் திருத்தாது.

சரி, கண்ணால் அளப்பது எப்படி? ஒரு சொம்பைத் தள்ளி வைத்து எதிரே உட்காருங்கள். கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியைச் சொம்பின் விளிம்போடு பொருத்துங்கள். அடி வருகிற இடத்தில் கட்டைவிரல் நகத்தை நிறுத்துங்கள். விரலை நகர்த்தாமல் பென்சிலைப் படுக்கவைத்து, அகலம் அதில் எவ்வளவு என்று பாருங்கள். முழங்கை மடங்கினால் அளவு போச்சு. உயரத்துக்கு அகலம் இத்தனை பங்கு என்று கிடைக்கும் அந்தக் கணக்குத்தான் தாளுக்குப் போகிறது.

அடுத்து ஒரு டம்ளர். புதிதாக வரைபவர்கள் வாயைக் குண்டு வட்டமாகவும் அடியை நேர்க்கோடாகவும் போடுவார்கள், மேஜை தட்டையானது என்று மனசுக்குத் தெரியும் என்பதால். உற்றுப் பாருங்கள்: அடி வளைந்திருக்கும், அதுவும் வாயைவிடக் கூடுதலாக. கண்மட்டத்துக்கு, அதாவது உங்கள் கண் இருக்கும் உயரத்துக்கு, கீழே இறங்க இறங்க வட்டம் அகலமாகத் திறந்துகொண்டே போகும். டம்ளரை மெல்ல உயர்த்தி வாயைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தால் அது ஒரே கோடாகிவிடும். இது கண்ணில் பட்டுவிட்டால் குடம், தவலை, தூண் எல்லாவற்றுக்கும் வழி திறந்த மாதிரி.

கண்மட்டம் என்பதைப் படித்துப் புரிந்துகொள்ளத் திணறுவார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு அது வாசலில் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து பார்த்தாலும் எழுந்து நின்று பார்த்தாலும் கடலும் வானமும் சேரும் கோடு உங்கள் கண் உயரத்திலேயே இருக்கும். அங்கிருந்து கடலை நோக்கி வரும் வீதி ஒன்றுக்குள் போய், ஓரமாக நின்று கிழக்கே திரும்பிப் பாருங்கள். மதில்களின் உச்சிக்கோடு போகப் போக இறங்கும், நடைபாதை விளிம்பு போகப் போக ஏறும், எல்லாம் போய்ச் சேரும் இடம் தூரத்துக் கடல் கோட்டின் மேலேயே இருக்கும். வீதிகள் நேராக இருப்பதால் குழப்பமே இல்லை. இதை நேரில் ஒரு தடவை பார்த்தவருக்குப் பாடம் தனியாகத் தேவைப்படாது. மாலை 6 மணிமுதல் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் விடியற்காலை நிம்மதியாக உட்காரலாம். காந்தி சிலையைச் சுற்றியுள்ள கருங்கல் தூண்கள் பென்சிலால் அளந்து பழகத் தோதானவை.

கடலூர்க்காரர்கள் பாடலீசுவரர் கோயில் கோபுரத்தை எடுத்துக்கொள்ளலாம். கோயில் கோயிலாகப் போய் நேரில் உட்கார்ந்து வரைந்த ஓவியர் சில்பியின் விகடன் படங்களைப் பார்த்துவிட்டு உடனே கோபுரத்துப் பொம்மைகளில் இறங்கிவிடாதீர்கள். முதலில் கோபுரம் குறுகிக்கொண்டே போகும் வெளிக்கோடு, அப்புறம் நிலைகள், அவ்வளவு போதும்.

வகுப்பில் சேரலாமா என்று கேட்பீர்கள். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடம் பட்டப்படிப்புக்கான இடம். அரசின் லோயர், ஹையர் ஓவியத் தேர்வு எழுத நினைப்பவர்களுக்கு ஆசிரியர் வேண்டும்தான். மற்றவர்கள் சேருமுன் ஒன்றைக் கேளுங்கள்: எதிரே பொருள் வைத்து வரையச் சொல்வார்களா, அச்சுப் படத்தைக் கொடுத்துப் பார்த்துப் போடச் சொல்வார்களா? இரண்டாவது என்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

என்னைக் கேட்டால், முதல் இரண்டு வாரம் கட்டம், கூடவே கையசைவுக்கு ஒன்றிரண்டு வீடியோ, அப்புறம் முழுக்கச் சொம்பும் டம்ளரும் வீதியும். பென்சிலில் எச்பி ஒன்று, அதைவிடக் கருப்பாக விழும் 2பி ஒன்று, இன்னும் கருப்பாக விழும் 4பி ஒன்று போதும்; பழகுவதற்கு ஜெராக்ஸ் தாளே நன்றாகத் தாங்கும். கோடு தப்பினால் உடனே ரப்பரைத் தேடாதீர்கள். பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறோம் என்று பார்த்த பிறகு அழித்துக்கொள்ளலாம்.