சி மொழியில் தமிழைக் கோப்பில் எழுத: வைட் கேரக்டரா, யூடிஎஃப்-8-ஆ?

ஒரே அறிக்கை நிரலை இரண்டு வழியிலும் எழுதிப் பார்த்துவிட்டேன். கடைசியில் சாதாரண சார் (char) சரத்தில் யூடிஎஃப்-8 (யூனிகோடைப் பைட் வரிசையாக எழுதும் குறியாக்கம்) வைத்து, எஃப்புட்ஸிலும் (fputs) எஃப்பிரிண்ட்எஃப்பிலும் (fprintf) எழுதுவது என்று நின்றுவிட்டேன்.

வைட் கேரக்டருக்கு, அதாவது ஒரு பைட்டைவிட அகலமான எழுத்து வகைக்கு, ஆசைப்பட ஒரு காரணம் உண்டு. 'தமிழ்' என்ற சொல் யூடிஎஃப்-8-இல் 15 பைட், லினக்ஸில் டபிள்யூசார்-டி (wchar_t, அந்த அகல வகையின் பெயர்) அணியில் 5 உறுப்புகள், ஒவ்வொன்றும் 4 பைட். ஒவ்வொன்றாக நகர்ந்து பார்க்க வசதிதான். ஆனால் கண்ணுக்குத் தெரிவது 3 எழுத்து. 'மி'-யின் இகரக் குறியும் 'ழ்'-இன் புள்ளியும் தனித்தனி உறுப்பாக உட்கார்ந்திருக்கும். எழுத்தை எண்ணலாம் என்று நம்பிப் போனால் அதுவும் கிடைக்காது.

என்னை முடிவெடுக்க வைத்தது லோகேல், அதாவது நிரலுக்கு மொழியையும் குறியாக்கத்தையும் சொல்லும் அமைப்பு. எஃப்புட்டபிள்யூஎஸ் (fputws, எஃப்புட்ஸின் அகல வடிவம்) நாம் கொடுப்பதை அப்படியே கோப்பில் போடாது, லோகேல் சொல்லும் குறியாக்கத்துக்கு மாற்றித்தான் போடும். நிரல் தொடங்கும்போது இருப்பது வெறும் 'சி' லோகேல். சரி, சூழலில் உள்ள லோகேலை எடுத்துக்கொள்ள வெற்றுச் சரம் கொடுத்து செட்லோகேலை (setlocale) அழைத்தேன், டெர்மினலில் அழகாக வந்தது. அதே நிரல் இரவில் கிரானில் (குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் வசதி) ஓடியது, அங்கே லோகேலைச் சொல்லும் லாங் (LANG) சூழல் மாறி அமைக்கப்படவில்லை, காலையில் திறந்தால் பெயர் இருக்கவேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறி! எந்தப் பிழைச் செய்தியும் இல்லை, போன எழுத்தை அந்தக் கோப்பிலிருந்து மீட்கவும் வழியில்லை. இன்னொன்று, திறந்த கோப்பைக் குறிக்கும் ஸ்ட்ரீம் அகல எழுத்துக்கானதாக மாறும் நொடியில் எந்த லோகேல் இருக்கிறதோ அதையே அது பிடித்துக்கொள்ளும், அப்புறம் செட்லோகேலை அழைத்துப் பலனில்லை. எஃப்புட்ஸுக்கு இந்தக் கவலையே கிடையாது: 15 பைட் கொடுத்தால் அதே 15 பைட் கோப்பில் இருக்கும்.

அகலமாகிவிட்ட ஸ்ட்ரீமில் யாராவது பழைய எஃப்பிரிண்ட்எஃப்பை அழைத்தால் லினக்ஸின் சி நூலகமான கிலிப்சியில் (glibc) -1 திரும்பும், அந்த வரி போயே போச்சு.

யூடிஎஃப்-8 வழியிலும் தொல்லை உண்டு. எஃப்பிரிண்ட்எஃப்பில் அகலமும் (குறைந்தது எத்தனை இடம்) துல்லியமும் (அதிகம் எவ்வளவு) பைட் கணக்கு என்பதால் பத்தியின் நேர்கோடு கலையும், 10 பைட்டில் வெட்டினால் நான்காவது குறியீடு பாதியில் அறுபடும். வெட்டும் இடத்தில் இருக்கும் பைட்டின் முதல் இரண்டு பிட் 10 என்று இருக்கும்வரை பின்னால் நகரும் ஒரு சின்னச் சார்பை எழுதி வெட்டுவதைச் சமாளிக்கிறேன்.

விண்டோஸில் நான் அதிகம் எழுதியதில்லை. அங்கே டபிள்யூசார்-டி 2 பைட், இயங்குதளத்தின் அழைப்புகளே யூடிஎஃப்-16 கேட்கும். விண்டோஸுக்கு மட்டும் எழுதுகிறவர் அகல வழியில் போனால் நான் தடுக்க மாட்டேன்.