வீட்டுக்கல்வி: மூன்றாவது வருடத்தில் எங்கள் ஒரு வாரம்

திருவட்டாறு பக்கம் எங்கள் வீடு. மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஆறு. இரண்டு பேரும் வீட்டில்தான் படிக்கிறார்கள், இப்போது மூன்றாவது வருடம் ஓடுகிறது. தொடங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் கேட்பது, “ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சொல்லிக்கொடுக்கிறீங்க?” என்பதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு நாள் கணக்கு சரிப்படாது, வாரக் கணக்குதான் சரிப்படும் என்பது என் அனுபவம். ஒரு நாள் மழையில் போகும், ஒரு நாள் கல்யாண வீட்டில் போகும். வாரக் கடைசியில் திரும்பிப் பார்த்தால் வாசிப்பும் கணக்கும் நடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்படி வைத்துக்கொண்டதால்தான் அலுப்பில்லாமல் இவ்வளவு தூரம் வர முடிந்திருக்கிறது.

எங்கள் வாரத்தைத் தீர்மானிப்பது பாதி ரப்பர் மரம்தான். விடிகாலையில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் என் மாமனார் இருட்டோடு வெட்டப் போவார். அவர் பாலெடுத்துத் திரும்பி, எல்லோரும் சாப்பிட்ட பிறகு பிள்ளைகள் பாயில் உட்காருவார்கள். பதினொரு மணிக்குமேல் புத்தகம் கிடையாது. எங்கள் தோட்டத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டு. காலண்டரில் வெட்டு நாளுக்கு வட்டம் போடுவது மகனின் வேலை. இந்த வாரம் திங்களில் வந்த வெட்டு அடுத்த வாரம் செவ்வாய்க்கு நகர்வதை அவனே கண்டுபிடித்தான். ஒற்றைப்படைத் தேதியாகவே வட்டம் போட்டுக்கொண்டு வந்தவன், 31 முடிந்ததும் அடுத்த வட்டம் 2-இல் விழுவதைப் பார்த்துத் திகைத்துப் போனான். “பாட்டா, இந்த மாசம் எல்லாம் மாறிப் போச்சு!” என்று ஓடினான். “ஏன் மாறிச்சுன்னு நீயே பாத்துச் சொல்லு மக்ளே” என்றார் தாத்தா. பதில் வர மதியம் ஆனது. மழை பெய்து வெட்டு தள்ளிப்போனால் வட்டத்தை அழித்து மறுபடி போட வேண்டும். ஒற்றை எண், இரட்டை எண் என்று நான் தனியாகப் பாடமே நடத்தவில்லை.

புத்தகத்துக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களே போதும். 2018-இல் தொடங்கிப் படிப்படியாக மாற்றிய புதிய பாடநூல்கள் இவை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மூன்று பருவமாகப் பிரித்திருப்பதால் பிள்ளையின் கைக்கு அடங்குகிற அளவில் இருக்கும். பாடத்தோடு வரும் க்யூஆர் குறியீட்டைத் தட்டினால் வீடியோ வரும். எங்கள் வீட்டில் அது உதவியதைவிட இடைஞ்சல் செய்ததுதான் அதிகம். ஒரு பாட்டைப் பார்த்து முடித்ததும் அடுத்ததைப் போடு என்று அடம். இப்போது வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் போன் வெளியே வரும், அதுவும் ஆங்கிலப் பாட்டுகளின் உச்சரிப்புக்காக.

பெரிதும் கைகொடுத்தது எண்ணும் எழுத்தும் திட்டத்தின் முறை. கொரோனா காலத்தில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2022-இல் அரசுப் பள்ளிகளில் கொண்டுவந்தார்களே, அதுதான். பிள்ளைகளை வகுப்பு பார்த்துப் பிரிக்காமல், எவ்வளவு தெரியும் என்பதைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். வெவ்வேறு வயதில் இரண்டு பிள்ளைகளை ஒரே பாயில் வைத்துக்கொண்டிருக்கிற அம்மாவுக்கு இது பெரிய வரம். மகள் கதை வாசிப்பதில் மலர், வகுத்தலில் இன்னும் மொட்டுதான். மகன் எழுதுவதில் அரும்பு, மனக்கணக்கில் அக்காவைத் தொட்டுவிடுவான். இதை ஒத்துக்கொண்டபின் வீட்டில் பாதிச் சண்டை குறைந்தது.

ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கிற ஆங்கில ஒலிப்பு அட்டைப் பெட்டிகள் வேண்டவே வேண்டாம். ஒன்று வாங்கினோம். அட்டைகள் அழகு, ஆனால் அதிலிருந்த பாதிப் பொருள்களை என் பிள்ளைகள் கண்ணால் பார்த்ததில்லை. புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் செய்ததில் கால்வாசிகூட அது செய்யவில்லை.

புதன்கிழமை வெளியே போகும் நாள். கூட்டம் இருக்காது. பத்மநாபபுரம் அரண்மனை, சிதறால் மலை, தேரூர் குளத்துப் பறவைகள் என்று மாறி மாறிப் போவோம். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, போகிறவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் இருக்கிற அரண்மனையைக் கேரள அரசு ஏன் பார்த்துக்கொள்கிறது என்று மகள் கேட்டாள். அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் திருவிதாங்கூர் கதையும், 1956 நவம்பர் 1-ஆம் தேதி குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் எங்கள் வீட்டுக்குள் வந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது மாத்தூர் தொட்டிப்பாலம் போய்வந்த வாரம். பறளியாற்றுக்கு மேலே, ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோகிற பாலம். 1966-இல் கட்டியது, உயரம் 115 அடி. மேலே நின்று எட்டிப் பார்த்த மகன் என் சேலையை விடவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் “115 அடின்னா எவ்வளவும்மா?” என்று கேட்டான். மறுநாள் கயிற்றை எடுத்தோம். மகள் அடிக்குச்சியால் அளக்க, பத்து அடிக்கு ஒரு முடிச்சு போட்டான் மகன். அடுக்களை வாசலில் ஒரு நுனியைக் கட்டி இழுத்துக்கொண்டே போனால் முற்றம் தாண்டி, கிணறு தாண்டி, தென்னைக்குள் போய் நின்றது. இரண்டு பேரும் அந்த நுனியில் நின்றுகொண்டு வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தோடு விடவில்லை. கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலை 133 அடி, அதற்கு இன்னும் எவ்வளவு கயிறு வேண்டும்? மகள் கழித்து 18 என்றாள், கட்டினோம். அறத்துப்பாலுக்கு 38 அதிகாரம், அதனால் பீடம் 38 அடி என்று சொல்லி, மிச்சம் சிலை எவ்வளவு என்று கேட்டேன். கடன் வாங்கிக் கழிப்பது அவளுக்கு அதுவரை தகராறுதான். அன்றைக்கு மண்ணில் குச்சியால் எழுதி, இரண்டு தடவை அழித்து, 95 என்று கொண்டுவந்தாள். 38-ஆவது அடியில் ஒரு சிவப்புத் துணியும் கட்டிவிட்டாள். அந்தக் கழித்தல் பிறகு மறக்கவே இல்லை.

கஷ்டமும் இருக்கிறது. அம்மாவின் நேரம் முழுதாகப் போகும். நான் வெளி வேலைக்குப் போகவில்லை, தாத்தா பாட்டி கூட இருக்கிறார்கள், அதனால் முடிகிறது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட சாயங்காலம் கட்டாயம் வழி செய்ய வேண்டும். பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் வருவார்கள். நோட்டுகளைத் தேதி போட்டு எடுத்து வைத்துக் காட்டுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள், சந்தேகங்களுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 6 முதல் 14 வயது வரைக்குமானது. நேரடியாக வீட்டுக்கல்வி என்று அதில் எதுவும் இல்லை. ஆனால் பள்ளியில் சேராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று நான்காவது பிரிவு சொல்கிறது. எங்களுக்குத் தைரியம் தந்தது அந்தப் பிரிவுதான். தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக, குறைந்தது 14 வயதானால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். பல குடும்பங்கள் அப்படித்தான் போகிறார்கள். நாங்கள் போகப்போவதில்லை.

ஐந்தாம் வகுப்பு வயது வரை வீடு, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்று முடிவு செய்திருக்கிறோம். காரணத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி போகும் பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் தொடங்கியபோதும் அதே ஆறாம் வகுப்புதான் கணக்கு. நம் ஆசைக்காகப் பிள்ளைகளின் இந்த வாசலை அடைக்கக் கூடாது. ஆய்வகம், விளையாட்டு மைதானம், ஒரு பாடத்துக்கு ஒரு ஆசிரியர் என்று அந்த வயதில் வேண்டியதை என்னால் வீட்டில் கொடுக்கவும் முடியாது.

மகளுக்கு அதற்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. அதற்குள் வகுத்தல் கணக்கும், நேரம் பார்த்து எழுதும் பழக்கமும் வர வேண்டும். இந்தப் பருவத்திலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் மணி பார்த்து ஒரு சின்னப் பரீட்சை வைக்கத் தொடங்கியிருக்கிறேன்.