ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும்: மூளையில் எது என்ன செய்கிறது?

இரண்டும் சூலகத்தில் சுரக்கும் ஹார்மோன்கள்தான். மூளைக்குள் போனால் குணம் வேறு. ஈஸ்ட்ரோஜன் நரம்பணுக்களை உசுப்பிவிடும் ரகம். நரம்பணுக்களைத் தூண்டும் வேதித் தூதுவனான குளூட்டமேட்டின் சமிக்ஞைக்கு வலுவூட்டும். பெண் எலிகளின் ஹிப்போகாம்பஸில் (நினைவுக்கு உதவும் மூளைப் பகுதி) நரம்பணுக் கிளைகளில் உள்ள நுண்முட்கள், அதாவது சமிக்ஞையை வாங்கும் சிறு முளைகள், நான்கைந்து நாள் சினைச் சுழற்சிக்குள்ளேயே ஹார்மோன் ஏற்ற இறக்கத்தோடு கூடிக் குறைவதை 1990இல் உல்லி, மெக்யூவன் ஆகிய நரம்பியல் ஆய்வாளர்களின் குழுவினர் காட்டினார்கள். சில நாளில் மூளையின் அமைப்பே மாறுகிறது என்றால் சும்மாவா!

புரோஜெஸ்டிரோனைவிட, அதிலிருந்து உருவாகும் அல்லோபிரெக்னனோலோன்தான் சுவாரஸ்யம். காபா என்பது நரம்பணுக்களை அடக்கும் வேதித் தூதுவன்; அதை வாங்கும் காபா ஏற்பியில் அல்லோபிரெக்னனோலோன் ஒட்டிக்கொண்டால் குளோரைடு அயனிகள் கூடுதலாக உள்ளே வரும், நரம்பணு அடங்கிவிடும். தூக்க மாத்திரைகள் பலவும் வேலை செய்வது இதே ஏற்பியில்தான். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு இதே மூலக்கூறை 2019இல் அமெரிக்கா மருந்தாக அனுமதித்தது.

சரி, அப்படியானால் புரோஜெஸ்டிரோன் சாதுவா? எல்லோருக்கும் இல்லை. சிலருக்கு அதுவே எரிச்சலையும் பதற்றத்தையும் கிளப்பும்.

மாதவிடாய் நெருங்கும்போது புரோஜெஸ்டிரோன் சட்டென்று சரியும், நரம்பணுவை அடக்கும் அல்லோபிரெக்னனோலோனும் கூடவே குறையும். வலிப்பு நோயுள்ள சில பெண்களுக்கு அப்போதுதான் வலிப்பு கூடும். மயிலாப்பூரிலோ பெரம்பூரிலோ, பால் வாங்காத நாளைக் குறிக்கும் அதே மாதக் காலண்டரில் வலிப்பு வந்த தேதியையும் மாதவிடாய்த் தேதியையும் வட்டமிட்டு நரம்பியல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஸ்கேனில் தெரியாத ஒழுங்கு அதில் தெரியக்கூடும்.