பழைய தோசைக்கல்லுக்குக் காஸ்டிக் சோடா: காசுக்குத் தகுமா?

பரணில் கிடந்த வார்ப்பிரும்புத் தோசைக்கல்லின் கரிப்பற்றைக் கழற்ற, சோப்பு மூலப்பொருள் கடையில் விற்கும் காஸ்டிக் சோடா செதிலைப் போல மலிவான சரக்கு வேறில்லை. ஆனால் அவசரக்காரர்களுக்கு ஆகாது.

பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீர், 250 கிராம் செதில். தண்ணீரில்தான் செதிலைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். செதில்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது: அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். இரண்டு மூன்று நாள் ஊறினால் கரி கொழகொழவென்று வழிந்துவரும். ஸ்டீல் நாரால் தேய்த்தால் சாம்பல் நிற இரும்பு தெரியும்.

துருவிடம் இதன் பாச்சா பலிக்காது. அதற்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி, அரை மணி நேரம் போதும். மிஞ்சினால் அமிலம் இரும்பையே தின்னும். கழுவிய கல்லை ஈரத்தோடு வைத்தால் சில நிமிடத்தில் செந்துரு படரும். உடனே துடைத்து இளந்தீயில் காயவையுங்கள்.

பழக்கும்போதுதான் பலர் கெடுக்கிறார்கள். எண்ணெய் தாராளமானால் பிசின் போல ஒட்டும். அரை ஸ்பூன் கடலை எண்ணெய் தடவி, தடவவே இல்லை என்னும் அளவுக்குத் துணியால் துடைத்து, புகை வந்து அடங்கும்வரை காய்ச்சுங்கள். இப்படி நாலைந்து முறை.

கரியை நெருப்பில் போட்டே எரிக்கலாம் என்பார்கள். கேட்காதீர்கள், கல் கோணிவிடும். தட்டினால் கணீரென்று ஒலிக்காத கல்லில் பெரும்பாலும் விரிசல் இருக்கும். அதற்குச் சோடா வாங்குவது தண்டச் செலவு.