ஆர்ச்சா, டம்பிள்வீடா: கரண்ட் போகிற ஊருக்கு எது தாங்கும்?

ரோலிங் லினக்ஸ்தான் (தனித்தனிப் பதிப்பாக இல்லாமல் புது மென்பொருள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் வகை) வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் கடைசியில் ஆர்ச், ஓப்பன்சூஸே டம்பிள்வீட் இரண்டில் வந்து நிற்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் இருக்கும் நானும் ஆர்ச்சில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு டம்பிள்வீடுக்கு மாறினேன். புது கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி), புது கேடிஇ (டெஸ்க்டாப்) எல்லாம் இரண்டிலும் சீக்கிரமே வந்துவிடும். ஆர்ச்சின் விக்கிக்கும், பயனர்களே தொகுப்புகளைச் சேர்க்கும் ஏயூஆருக்கும் ஈடு கிடையாது. சரி, அப்புறம் ஏன் மாறினேன்?

அப்டேட் பாதியில் கெட்டால் திரும்பி வருகிற வழிதான் காரணம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டால் இந்தக் கரையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. டம்பிள்வீடை நிறுவும்போதே ரூட் (சிஸ்டம் இருக்கும் பகுதி) பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டத்தில் அமைந்துவிடும். ஒவ்வொரு அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் தானாகவே ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து சிஸ்டத்தின் நிலைப்பதிவு) எடுத்துக்கொள்ளும். கெர்னல் ஏறும் நேரத்தில் கணினி அணைந்துவிட்டதா? துவக்க மெனுவில் முந்தைய ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். எல்லாம் ஒழுங்காக ஓடினால் 'ஸ்னாப்பர் ரோல்பேக்' என்ற கட்டளையை அடித்து ரீஸ்டார்ட் செய்தால் போதும். உங்கள் ஃபைல்கள் இருக்கும் ஹோம் இதில் சேராததால் அவை இருந்தபடியே இருக்கும். சிஸ்டத்தைத் துவக்கும் பூட்லோடரே கெட்டுவிட்டால் மட்டும் பென்டிரைவைத் தேட வேண்டியதுதான்.

ஆர்ச்சிலும் இதைச் செய்யலாம், ஆனால் எல்லாவற்றையும் நாமே அமைக்க வேண்டும். கெர்னல் இருக்கும் பூட் தனிப் பார்ட்டிஷனில் இருந்தால் ரூட் மட்டும் பின்னால் போகும், கெர்னல் புதிதாகவே நிற்கும், மாட்யூல்கள் (கெர்னலின் துணைப் பகுதிகள்) பொருந்தாது.

கீழக்கரைப் பக்கம் வளைகுடாவுக்குப் போய்விட்டு லீவுக்கு வரும்போது மட்டும் கணினியைத் திறப்பவர்கள் உண்டு. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த ஆர்ச்சில் முதலில் தொகுப்புகளின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் கீரிங்கைப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் கையொப்பப் பிழை வரக்கூடும். இடைப்பட்ட கால அறிவிப்புகளையும் படித்தாக வேண்டும். டம்பிள்வீடில் இதுவரை எனக்கு 'ஸிப்பர் டப்' என்ற அப்டேட் கட்டளை ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது.

டம்பிள்வீடின் தொல்லை டேட்டாதான். ஜிசிசி (கம்பைலர்), ஜிலிப்சி (அடிப்படை நூலகம்) மாதிரி அடித்தளம் மாறினால் ஏராளமான தொகுப்புகளை மறுபடி கட்டி அனுப்புவார்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் அன்றைய டேட்டா அதிலேயே தீர்ந்துவிடும். அவசரம் இல்லையென்றால் முதலில் இறக்கி மட்டும் வைத்துக்கொண்டு, கரண்ட் நிலையாக இருக்கும்போது நிறுவுங்கள். வீடியோ கோடெக்குக்காகச் சேர்த்த வெளி ரெப்போ (தொகுப்புக் களஞ்சியம்) சில சமயம் பின்தங்கி, எந்தத் தீர்வு வேண்டும், ஒன்றா இரண்டா என்று ஸிப்பர் கேட்கும். ஓரிரு நாள் பொறுத்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

என்னிடம் இருப்பது இன்டெல் கிராஃபிக்ஸ். என்விடியா கார்டோடு நீண்ட நாள் ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் அந்த கார்டு வைத்திருப்பவர்கள் இன்னொருவரையும் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுவும்போது ரூட்டுக்கு 40 ஜிபிக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். இடம் குறைந்தால் ஸ்னாப்ஷாட்டுகளே டிஸ்க்கை நிரப்பிவிடும்.