செஸ்னா 152-ஆ கட்டானாவா, நான் ஏன் பழசையே எடுத்தேன்னா

ரெண்டு சீட் பிளேன் ஒண்ணு எடுக்கலாம்னு தேடினதுல கடைசில வந்து நின்னது செஸ்னா 152-ம் டயமண்ட் கட்டானா டிஏ20-ஏ1-ம்தான். நான் 152 எடுத்துட்டேன், அதனால அந்தப் பக்கம் சாஞ்சுதான் பேசுவேன். கட்டானால நான் பறந்தது மொத்தமே பத்துப் பன்னெண்டு மணி நேரம், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

பறக்கற சுகம்னா கட்டானாதான், அதுல சண்டையே இல்ல. சுத்தி கண்ணாடி, கையில வீலுக்குப் பதிலா குச்சி மாதிரி ஸ்டிக், பெட்ரோலும் கம்மியா குடிக்கும். ஆனா வெயில்ல நிறுத்தினா உள்ள அடுப்புதான். ஃபைபர் உடம்பு 55 டிகிரி தாண்டிட்டா கிளம்பவே கூடாது, அதைக் காட்டறதுக்குன்னே உள்ள ஒரு இண்டிகேட்டர் இருக்கு. 152-க்கு றெக்கை தலைக்கு மேல, நிழலாச்சு.

சரி, எனக்கு முடிவு பண்ணிக் கொடுத்தது இன்ஜின் மெயின்டனன்ஸ். கட்டானால 80 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912, 5800 ஆர்பிஎம் வரைக்கும் சுத்தும், கியர்பாக்ஸ் வழியா குறைச்சு ப்ரொப்பெல்லருக்குப் போகும், சிலிண்டர் ஹெட்டுக்கு தண்ணி கூலிங், பெட்ரோலையும் காத்தையும் கலக்கற கார்புரேட்டர் ரெண்டு. நல்ல இன்ஜின்தான், ஆனா ரெண்டு கார்புரேட்டரும் ஒரே மாதிரி வேலை செய்யற மாதிரி அப்பப்ப ஒத்து வைக்கணும், ஹோஸ் டயாஃப்ரம்னு ரப்பர் சாமான் எல்லாத்தையும் அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவ மாத்தணும், பறந்தாலும் சரி பறக்காட்டியும் சரி. ஈயம் கலந்த ஏவ்காஸ், அதாவது பிளேனுக்கான பெட்ரோல், ஊத்தினா ஆயிலும் சீக்கிரமே மாத்தணும். வருஷத்துக்கு அம்பது அறுபது மணி நேரம் பறக்கற ஆளுக்கு இங்க செலவு வைக்கறது காலண்டர்தான். தினமும் பறக்கற ஃப்ளையிங் ஸ்கூலுக்கு இந்தக் கணக்கு அப்படியே திரும்பிடும்.

152-ல இருக்கறது லைகமிங் ஓ-235, 110 குதிரைத்திறன், காத்து கூலிங், கியர்பாக்ஸ் கிடையாது, முழுசா பிரிச்சு சரி பண்ற ஓவர்ஹாலுக்கு 2400 மணி நேரம். வேலையே இல்லன்னு இல்ல. வால்வ் கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கு விடற இடைவெளி, கையால செட் பண்ணணும், அடியில இருக்கற ஸ்பார்க் பிளக்ல ஈயம் படியும், அதனால தரையில ஓட்டிட்டுப் போறப்பவே மிக்ஸ்சர்ல பெட்ரோல குறைக்கற பழக்கம் வந்துடுச்சு. மாசக்கணக்குல நிறுத்தி வச்சா வால்வைத் திறக்கற கேம்ஷாஃப்ட் துருப்பிடிக்கும், அது இன்ஜின்ல மேல இருக்கறதால ஆயில் வடிஞ்சு காஞ்சு போயிடும், சும்மா தரையில ஸ்டார்ட் பண்ணி அணைக்கறதுல பிரயோஜனம் இல்ல, பறந்தே ஆகணும் (பறக்க இப்படி ஒரு சாக்கு வேற). ஆனா இந்த இன்ஜின் தெரியாத மெக்கானிக் அபூர்வம், 1977-லேர்ந்து 1985 வரைக்கும் 7500-க்கு மேல செஞ்ச பிளேன், பார்ட்ஸ்க்கு அலைய வேண்டாம். என்ன, எல்லாமே நாப்பது வயசு தாண்டினது, வாங்கறதுக்கு முன்னாடி பிளேனோட உள்தரையைப் பிரிச்சு துரு இருக்கான்னு பாத்துடுங்க.

152-ல எனக்கு நெஜமாவே கடுப்பு வெயிட் விஷயத்துலதான். மொத்தமே 757 கிலோதான் அனுமதி, டேங்க் ஃபுல்னா பெட்ரோலே 67 கிலோ பக்கம், அதுவும் பிளேனோட சொந்த எடையும் போக மிச்சம் ரெண்டு ஆளுக்கும் சேர்த்து 180 கிலோ வந்தா பெரிய விஷயம். அதனால லாங் ட்ரிப்னா டேங்க்க ஃபுல் பண்றதா பைய ஏத்தறதான்னு எங்களுக்குள்ள ஒரு பஞ்சாயத்து நடக்கும், பெரும்பாலும் பைதான் தோக்கும்.