மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பியர் ஆலையா, மசாலா மில்லா?

கூட்டாளி ஒருவன், விலைக்கு வந்திருக்கும் சின்ன பியர் ஆலையை ஆளுக்குப் பாதி போட்டு வாங்கலாம் என்கிறான். எனக்கோ ரொம்ப நாளாக மசாலா மில் ஆசை.

ஆலையைப் போய்ப் பார்த்தேன். தொட்டி பளபளவென்றிருந்தது, மூடியின் ரப்பர் வளையத்தைத் தூக்கினால் அடியில் கறுப்புப் பிசுக்கு. அது போதும், ஒரு தொட்டிச் சரக்கும் புளித்துக் கெட்டுவிடும். ஏல் வகை பியர் புளிக்கவே ஏறக்குறைய 20 டிகிரி வேண்டும், வெளியே 33. லாகர் வகை என்றால் 10 டிகிரி, பல வாரம். மின்கட்டணத்தை நினைத்தால் குடிக்காமலே தலை சுற்றுகிறது. அப்புறம் கலால் வரி. 2016-இல் சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 175 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தார்கள். அந்தக் கணக்கிலேயே 5 விழுக்காட்டு பியர் லிட்டருக்கு 8 வெள்ளி 75 சென்.

மில்லில் நாள் முழுக்கத் தும்மலாம், அவ்வளவுதான். ஹலால் சான்றிதழ் கிடைத்தால் மலாய்க்காரர் கடைகளுக்கும் தூள் போகும், பியர் போகாது. லாபம் என்னவோ கொஞ்சம்தான்.

பெரிய கேள்வி கூட்டாளிதான். அவனுக்குப் பியர் காய்ச்சத் தெரியும், கணக்கு எழுதத் தெரியாது. வெறும் கூட்டு வணிகமாகப் பதிந்தால் தொழிலுக்கு அவன் வாங்கும் கடனுக்கு என் வீடும் பதில் சொல்லும். வாங்கினால் செண்டிரியான் பெர்ஹாட்டாகத்தான், அதாவது கடன் நிறுவனத்தோடு நிற்கும் தனியார் நிறுவனமாக. பாதிக்குப் பாதியும் வேண்டாம். சண்டை வந்தால் முடிவெடுக்க ஆளிருக்காது.

“தாத்தா தோட்டத்துக் கள்ளுக்கடையில விட்ட சம்பளத்த நீ மீட்கப் போறியா?” என்கிறார் அம்மா.

இப்போதைக்கு மனம் மில் பக்கம். ஆனாலும் ஆலை என்றால் நூற்றுக்கு அறுபது பங்கு எனக்கு என்று அவனிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.